திறந்து பார்க்க முடிந்த கார்

ஆலை மூடி நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் எம்.ஜி.பி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், வீட்டு கராஜ்களில் இன்றும் மறுபிறவி எடுத்துக்கொண்டே இருக்கிறது. சாதாரண மனிதர்கள், சாதாரணக் கருவிகளோடு, தங்கள் கையாலேயே செய்யும் வேலை இது. அவர்களால் எப்படி முடிகிறது?

1979 செப்டம்பரில் இங்கிலாந்தின் அபிங்டன் நகரம் விழாக்கோலம் பூண்டிருந்தது. ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் சிறிய ஊர் அது. எம்.ஜி கார் ஆலை அங்கே வந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததை ஊரே கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த கையோடு, செப்டம்பர் 10-ம் தேதி திங்கட்கிழமை, ஆலையின் உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் அபிங்டனில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. நம் அசோக் லேலண்டின் பெயரில் ஒட்டியிருக்கும் அதே லேலண்ட்தான். எம்.ஜி அன்பர்கள் அந்த நாளை இன்றும் ‘கறுப்புத் திங்கள்’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

எம்.ஜி வைத்திருந்தவர்கள் லண்டன் தெருக்களில் கார்களோடு ஊர்வலம் போனார்கள். ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்தின் தலைமையில் ஒரு குழு ஆலையை விலைக்கு வாங்க முயன்றது, பேச்சு கைகூடவில்லை. 1980 அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி வெளியே வந்தது. ஆலை மூடப்பட்டது.

ஒரு காரின் கதை வழக்கமாக இதோடு முடிந்துவிடும். ஆலை போனால் சில ஆண்டுகளில் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது. ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காவிட்டால் கார் காயலான் கடைக்குப் போய்ச் சேரும். எம்.ஜி.பி-க்கு அந்தக் கதி நேரவில்லை. இன்றைக்கும் ஒரு பள்ளி ஆசிரியரோ, தச்சரோ, ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியரோ துருப்பிடித்த எம்.ஜி.பி ஒன்றை வாங்கலாம். வீட்டை ஒட்டிய சின்ன கராஜில் நிறுத்தி, சனி ஞாயிறுகளில் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றலாம். சில ஆண்டுகளில் அதையே சாலையில் ஓட்டிப் போகலாம். வேண்டிய தகடு, பேரிங், ரப்பர், சீட் உறை, ஒயரிங் எல்லாம் புதிதாகவே கிடைக்கின்றன. முழு பாடியே புதிதாகக் கிடைக்கிறது.

இந்தக் கார் பிழைத்ததற்கு மூன்று காரணங்கள். சாதாரணக் கைகளால் அதைத் திறக்க முடிந்தது. திறப்பது எப்படி என்று ஒருவர் எழுதி வைத்தார். அதன் தகடுகளை அழுத்தி எடுக்கும் அச்சுகளை வேறு சிலர் காப்பாற்றினார்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் எம்.ஜி.பி-யை அருங்காட்சியகத்தில் மட்டுமே பார்த்திருப்போம்.

கையால் தள்ளிய வரிசை

எம்.ஜி என்பது ‘மாரிஸ் கராஜஸ்’ என்பதன் சுருக்கம். ஆக்ஸ்போர்டில் வில்லியம் மாரிஸ் நடத்திய கார் விற்பனை நிலையத்தின் பெயர் அது. அதன் மேலாளர் செசில் கிம்பர், 1920-களில் மாரிஸ் கார்களின் சேஸிஸ் மீது அழகான பாடி கட்டி விற்கத் தொடங்கினார். இன்று நம்மூர்ச் சாலைகளில் ஓடும் ஹெக்டர், காமெட் கார்களின் முகப்பில் இருக்கும் எண்கோண முத்திரை அவர் காலத்தில் பிறந்தது. இப்போது அந்தப் பெயர் சீனாவின் எஸ்.ஏ.ஐ.சி நிறுவனத்தின் வசம் இருக்கிறது.

எம்.ஜி.பி 1962 செப்டம்பரில் வந்தது. தலைமைப் பொறியாளர் சிட் எனவர். 1798 சி.சி, நான்கு சிலிண்டர் இன்ஜின், இரட்டை எஸ்.யு கார்புரேட்டர், 95 குதிரைத்திறன். மணிக்கு 160 கி.மீ வேகத்தைத் தாண்டும். இருவர் உட்காரலாம்; மேலே துணிக் கூரை. இரும்புக் கூரை போட்ட ஜி.டி வகை 1965-ல் சேர்ந்தது. அதன் கூரை வடிவத்தில் இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்தின் கைவண்ணம் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் தயாராயின. அவற்றில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.

அபிங்டன் ஆலையில் தகடு அழுத்தும் பிரஸ் கிடையாது; இன்ஜின் வார்க்கும் உலையும் கிடையாது. பாடித் தகடுகள் ஸ்விண்டனில் அழுத்தப்பட்டன. இன்ஜின் கோவென்ட்ரியிலிருந்து வந்தது. அபிங்டனில் நடந்தது பூட்டும் வேலை மட்டும். ஓடும் பெல்ட்கூட இல்லை. ஒரு கட்டம் முடிந்ததும் தொழிலாளர்கள் காரைக் கையால் தள்ளி அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார்கள்.

வீட்டு கராஜில் நடக்கும் வேலைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. எந்திரக் கைகளும் கணினியும் சேர்ந்து பூட்டிய காரை மனிதக் கை கழற்றுவது கடினம். எம்.ஜி.பி-யைப் பூட்டியது ஸ்பேனரும் மனிதர்களும். அதனால் ஒரு செட் ஸ்பேனரும், ஒரு நல்ல ஜாக்கும், இன்ஜினைத் தூக்க ஒரு சங்கிலிக் கப்பியும் இருந்தால் அதே வழியில் பின்னோக்கிப் போய்விடலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் வருபவை. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் தலை உருண்டுவிடும்.

துரு தின்னும் இடம்

எம்.ஜி.பி-யை வாங்கும் யாரும் முதலில் இன்ஜினைப் பார்ப்பதில்லை. மண்டியிட்டுக் கதவுக்குக் கீழே பார்க்கிறார்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, கதவடியில் ஓடும் தகரப் பெட்டிதான் இந்தக் காரின் முதுகெலும்பு.

முந்தைய எம்.ஜி.ஏ காருக்குத் தனி சேஸிஸ் இருந்தது. எம்.ஜி.பி-க்கு இல்லை, பாடியே பாரத்தைத் தாங்குகிறது. மேலே கூரையும் இல்லாததால், முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு இந்தக் கதவடிப் பெட்டிக்குத்தான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு. அவற்றின் அடியில் இன்னொரு பெட்டிச் சட்டம்.

பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் பனி உறையாமலிருக்கக் கல் உப்பு தூவுகிறார்கள். செஷயர் பகுதியின் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து தோண்டியெடுக்கும் உப்பு அதற்குப் பயன்படுகிறது. உப்பு கலந்த சேற்றை முன்சக்கரம் வாரி இறைக்கிறது. சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்குள், சேற்றைத் தடுக்க ஒரு சிறிய தகடும் அதன் ஓரத்தில் ரப்பர் பட்டையும் உண்டு. ஆண்டுகள் போகப் போக ரப்பர் இறுகி வெடிக்கிறது. சேறு உள்ளே புகுந்து கதவடிப் பெட்டியின் தலைமாட்டில் குவிகிறது. அங்கே காற்றும் வெயிலும் படாது, ஈரம் காயாது. தண்ணீர் வடிய விட்ட துளைகளும் அடைபட்டுவிடும். பிறகு துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருகிறது. வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே நடுத்தகடு பெரும்பாலும் பொடியாகியிருக்கும்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. துருப்பிடித்த தகட்டை அப்படியே விட்டு, மேலே புதுத் தகடு போர்த்தி, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிடலாம். விற்பனைக்கு வரும் பல கார்களில் இந்தப் போர்வைதான் இருக்கிறது. பார்க்கப் பளபளப்பாக இருக்கும். உள்ளே பலம் இருக்காது. விபத்து நேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. இந்த வேலையைச் செய்பவர்களை மன்னிக்க எனக்கு மனமில்லை.

முறையான வழி நீளமானது. வெட்டும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்கை இறக்கி கராஜுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். காரைச் சமதளத்தில், பாரம் சரியான இடங்களில் தாங்கும்படி நிறுத்த வேண்டும். கதவைக் கழற்றிவிட்டு, அந்தத் திறப்பின் குறுக்கே இரும்புச் சட்டம் பூட்டி, கீல் பக்கத்தையும் பூட்டுப் பக்கத்தையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். கதவு என்றைக்கும் ஒழுங்காகச் சாத்தாது.

ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டுமே வெட்டலாம். முன் மட்கார்டு கழற்றப்படும். பின் மட்கார்டின் கீழ்நுனியும் வெட்டப்படும். ஏனென்றால் பெட்டியின் இரு முனைகளும் அவற்றுக்குள் ஓடி மறைகின்றன. உள்ளே நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். புதுத் தகடுகளைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, ஒன்றிரண்டு புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, கதவைத் திரும்பவும் மாட்டிப் பார்க்க வேண்டும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா? இல்லையென்றால் பிரித்து மறுபடி வைக்க வேண்டும்.

சரியாக உட்கார்ந்த பிறகுதான் முழு வெல்டிங். ஆலையில் ஸ்பாட் வெல்டிங் செய்த இடங்களில், வீட்டில் தகட்டின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, துளைக்குள் மிக் வெல்டிங்கால் நிரப்புகிறார்கள். தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்தான். ஒரே இடத்தில் சூடேற்றினால் நெளிந்துவிடும். எனவே இங்கே ஒரு புள்ளி, அரை அடி தள்ளி ஒரு புள்ளி, ஆறவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு புள்ளி என்று மாறி மாறிப் போக வேண்டும். முடிந்ததும் துத்தநாகப் பிரைமர். பெயின்டுக்குப் பிறகு, பெட்டிக்குள் நீண்ட குழாயை விட்டு மெழுகைப் பீய்ச்சியடித்துவிட்டால் துருவுக்கு அங்கே நெடுநாள் வேலையில்லை.

இந்த வேலை முழுவதும் பெயின்டுக்கு அடியில் மறைந்துவிடும். விழாவில் காரைப் பார்ப்பவர்கள் பாராட்டுவது நிறத்தையும் குரோமையும்தான். ஆனாலும் கராஜில் உழைப்பவர்கள் அதிகம் பாடுபடுவது கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்தில்தான். பழைய காரைப் புதுப்பிப்பதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த நேர்மை.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவரின் கையேடு

மெக்கானிக் அல்லாத ஒருவருக்கு இத்தனை தைரியம் எங்கிருந்து வந்தது? அதில் பெரும்பங்கு ஜான் ஹேன்ஸ் என்ற மனிதரைச் சேரும்.

ஹேன்ஸ் 1938-ல் இலங்கையில் பிறந்தவர். அப்பா அங்கே தேயிலைத் தோட்ட மேலாளர். பன்னிரண்டாம் வயதில் இங்கிலாந்தில் பள்ளியில் சேர்ந்தார். ரக்பி ஆடுவதற்குப் பதிலாகப் பழைய ஆஸ்டின் செவன் காரை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றிக் கட்ட அனுமதி கேட்டு வாங்கினார். கட்டிய விதத்தைப் படங்களோடு சிறு புத்தகமாக எழுதி, பள்ளிப் பருவத்திலேயே அச்சிட்டு விற்றார்.

பின்னர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து ஏடன் நகரில் பணியாற்றியபோது, சக ஊழியர் ஒருவர் பழைய ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரைப் பழுதுபார்க்க உதவி கேட்டார். முகப்பில் விளக்குகள் துருத்தி நிற்பதால் ‘தவளைக்கண்’ என்று பெயர் வாங்கிய கார்; எம்.ஜி.பி தயாரான அதே அபிங்டன் ஆலையில் உருவானது. நிறுவனத்தின் கையேடு சாதாரண உரிமையாளருக்குப் பயன்படவில்லை என்பதை ஹேன்ஸ் கண்டார். இன்ஜினைக் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்தார். அந்தப் படங்களோடு 1966-ல் வெளிவந்த புத்தகம்தான் முதல் ஹேன்ஸ் ஒர்க்‌ஷாப் கையேடு. முதல் பதிப்பின் 3,000 பிரதிகளும் மூன்றே மாதங்களுக்குள் விற்றுத் தீர்ந்தன.

வீட்டில் கார் பழுதுபார்க்கும் பண்பாட்டுக்கு ஏட்டைக் கொடுத்ததே ஒரு சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்பது பொருத்தம். ஹேன்ஸின் முறை எளிது: ஒரு காரை வாங்கு; முழுதாகக் கழற்று; திரும்பப் பூட்டு; ஒவ்வொரு அடியையும் படமெடு. எழுதியவர் தன் கையால் செய்யாத எதையும் வாசகரைச் செய்யச் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையில்தான் எண்ணெய்க் கறை படிந்த பக்கங்களோடு இந்தப் புத்தகங்கள் கராஜ் அலமாரிகளில் இருக்கின்றன. ஹேன்ஸ் 2019-ல் காலமானார். அடுத்த ஆண்டே, புதிய கார்களுக்கு அச்சுக் கையேடு வெளியிடுவதை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. பழைய கார்களின் கையேடுகள் தொடர்கின்றன.

அம்பாசடரின் தம்பி

எம்.ஜி.பி-யின் பானெட்டைத் திறந்தால் தமிழ்நாட்டின் பழைய மெக்கானிக்குக்கு அது அந்நியமாகத் தெரியாது. உள்ளே இருப்பது, எம்.ஜி-யின் அன்றைய தாய் நிறுவனமான பி.எம்.சி-யின் பி-சீரிஸ் இன்ஜின். நம் அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சி.சி பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான். இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் அதே 88.9 மில்லிமீட்டர். எம்.ஜி.பி-யில் சிலிண்டரின் விட்டம் மட்டும் 73-லிருந்து 80 மில்லிமீட்டராக அகன்றிருக்கிறது. அம்பாசடர் இன்ஜினுக்கு இது கொஞ்சம் வேகமான தம்பி.

வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், பக்கவாட்டில் கேம்ஷாஃப்ட், புஷ் ராடு வழியாக வால்வு. மென்மையான இன்ஜின் அல்ல; ஆனால் தாங்கும். தேய்ந்தால் போரிங் செய்து பெரிய பிஸ்டன் போடலாம். கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து புது பேரிங் போடலாம். ஆயில் பிரஷரே இன்ஜினின் உடல்நிலையைச் சொல்லிவிடும்: நன்றாகச் சூடேறி ஓடும்போது 50 முதல் 80 பவுண்டு வரை காட்டினால் கவலையில்லை.

பராமரிப்பும் எளிதுதான். டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி, வைப்பதை எடுத்துக்கொள்வோம். மொத்தம் எட்டு வால்வு. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்ய வேண்டும். ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவது. ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. திறந்திருப்பதும் சரிசெய்வதும் சேர்ந்தால் எப்போதும் ஒன்பது. இடைவெளி 0.015 அங்குலம், ஃபீலர் கேஜை உள்ளே விட்டு இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம்.

எஸ்.யு கார்புரேட்டர் இன்னும் அழகு. காற்றின் இழுப்புக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் மேலே எழும்புகிறது. அதன் அடியில் நுனி சிறுத்த ஊசி ஒன்று பெட்ரோல் துளையில் தொங்குகிறது. பிஸ்டன் எழும்ப எழும்ப ஊசியின் மெல்லிய பகுதி துளைக்குள் வருவதால் பெட்ரோல் கூடுதலாக வழிகிறது. கலவை சரியா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் வேகம் கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்பதையும் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துச் சீறல் சத்தத்தை ஒப்பிட்டே தீர்மானித்துவிடுகிறார்கள்.

பழி சுமந்த ஒயரிங்

பழைய பிரிட்டிஷ் கார் என்றால் மின்கோளாறு என்ற பேச்சு உலகம் முழுக்க உண்டு. பழி விழுவது விளக்கு, டைனமோ, ஸ்டார்ட்டர் எல்லாம் தயாரித்துக் கொடுத்த பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனத்தின் மீது. சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ் மூலம் நமக்கும் பரிச்சயமான பெயர்தான்.

அந்தப் பழியில் பாதி நியாயமற்றது. ஐம்பது, அறுபது ஆண்டு ஈரத்தில் கிடந்த ஒயர் முனைகள் பச்சை பூத்துப்போவது எந்த நிறுவனத்தின் குற்றமும் ஆகாது. எம்.ஜி.பி-யில் மின்சாரம் திரும்பிப் போகும் வழி பாடித் தகடுதான். எர்த் பிடித்த இடத்தில் துருவோ பெயின்டோ இருந்தால் விளக்கு மங்கும், இண்டிகேட்டர் மறுக்கும். முனைகளைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, வாசலின் தடவிப் பூட்டினாலே பெரும்பாலான கோளாறு தீர்ந்துவிடுகிறது. 1967 வரை வந்த எம்.ஜி.பி-களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் புதிய ரேடியோவை மாட்டினால் புகைந்துவிடும்.

அச்சுகளைத் தேடிப் போனவர்கள்

கை திறமையாக இருக்கலாம்; கையேடும் இருக்கலாம். தகடு இல்லாவிட்டால் என்ன செய்வது?

பழைய கார்களுக்கான பாகங்களைக் கவனிக்க பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற அமைப்பு 1975-ல் தொடங்கப்பட்டது. உற்பத்தி நின்ற பிறகு, எம்.ஜி.பி-யின் தகடுகளை அழுத்திய பழைய அச்சுகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. டேவிட் பிஷப் என்பவர் தலைமையில் அவற்றைத் தேடித் திரட்டினார்கள். 1988-ல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஃபாரிங்டனில் முழு எம்.ஜி.பி பாடி ஒன்று, அதே அச்சுகளிலிருந்து, புத்தம் புதிதாக வெளியே வந்தது. கார் நின்று எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு! பின்னாளில் அந்த அமைப்பு விட்னி நகருக்கு இடம் மாறியது.

இதன் தாக்கம் கராஜ்களோடு நிற்கவில்லை. அந்தப் பாடியை அடிப்படையாக வைத்து, அப்போது எம்.ஜி பெயரை வைத்திருந்த ரோவர் நிறுவனம் 1992-ல் எம்.ஜி ஆர்.வி.8 என்ற காரை அறிமுகப்படுத்தியது. சுமார் இரண்டாயிரம் கார்கள் தயாராயின; பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின. காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய அச்சுகள் ஒரு புதிய காரையே ஈன்றன.

பாடியையே மாற்றினால் அது பழைய கார்தானா என்ற விவாதம் உண்டு. என்னைக் கேட்டால், வெட்டி ஒட்டி மீட்க முடிகிற பாடியை மீட்க வேண்டும். அது முடியவே முடியாத இடத்தில் புதுப் பாடி நியாயமானது. இரண்டிலும் காரின் வரலாற்றை மறைக்கக் கூடாது. அந்த வரலாற்றையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். கேடன் கிராமத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் ஆலைப் பேரேடுகள் இருக்கின்றன. காரின் எண்ணைக் கொடுத்தால், எந்த நாளில் பூட்டப்பட்டது, என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்று சான்றிதழ் தருகிறார்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

● ஜாக் போட்டு ஒரு பக்கம் தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடுங்கள். உரசினால் கதவடிப் பெட்டி பலமிழந்துவிட்டது என்று பொருள்.

● சீட்டுக்குப் பின்னால், தரையடியில் பேட்டரிப் பெட்டிகளைப் பாருங்கள். ஆசிட் சிந்திச் சிந்தி அடித்தகடு கரைந்திருக்கும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைப் பிடிக்கும் இடங்களும் அருகிலேயே உள்ளன.

● கம்பிச் சக்கரமாக இருந்தால் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் உள்பற்கள் தேய்ந்துவிட்டன.

● வறண்ட மாநிலங்களிலிருந்து திரும்பி வந்த அமெரிக்க ஏற்றுமதிக் கார்களில் துரு குறைவு. வெயிலில் ரப்பரும் சீட்டும் டேஷ்போர்டும் வெடித்திருக்கும். தகட்டைவிட அவற்றை மாற்றுவது எளிது.

● 1974 கடைசியிலிருந்து வந்தவற்றில் கறுப்பு ரப்பர் பம்பர் இருக்கும். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகச் செய்த மாற்றம். உயரமும் கூட்டப்பட்டதால் வளைவுகளில் சாய்வு அதிகம். விலை குறைவாகக் கிடைப்பதால் முதல் முறை முயல்பவர்களுக்கு ஏற்றவை.

சட்டம் வழிவிட்டது

பிரிட்டனில் நாற்பது ஆண்டுகள் நிறைந்த காருக்குச் சாலை வரி கிடையாது. 2018 மே முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யாத நாற்பது வயதுக் கார்களுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்தும் விலக்கு உண்டு. பொறுப்பான உரிமையாளர்கள் ஆண்டுக்கொரு முறை விருப்பத்தின் பேரில் சோதித்துக்கொள்கிறார்கள். அதுவே சரி, பிரேக்குக்கு வயதுச் சலுகை கிடையாது.

பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 1999-ம் ஆண்டோடு பங்க்குகளிலிருந்து போனது. ஈயம் இல்லாததால் பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்கிறது. ஹெட்டைக் கழற்றும்போது கடின உலோக சீட் பதித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. 2021 செப்டம்பரில் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும் என்பதால் குழாய்களை மாற்றுகிறார்கள். அல்லது எத்தனால் குறைந்த சூப்பர் பெட்ரோல் போடுகிறார்கள்.

பழுதுபார்க்கும் உரிமை

லாபக் கணக்குப் பார்த்து யாரும் இந்த வேலையில் இறங்குவதில்லை. முழுதாகப் புதுப்பித்த எம்.ஜி.பி-யை விற்றால், போட்ட பணம் திரும்புவதே அரிது. உழைப்புக்குக் கணக்கே இல்லை. இவர்களுக்குக் கிடைப்பது வேறு. தான் ஓட்டும் வண்டியின் ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று முழுதாகத் தெரிந்த நிம்மதி அது. இன்று நம் கையிலும் வீட்டிலும் இருக்கும் எத்தனை பொருளைப் பற்றி நம்மால் அப்படிச் சொல்ல முடியும்? போனின் பேட்டரியை மாற்றவே கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

இந்தத் திறமை அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும் என்ற அக்கறையும் அங்கே இருக்கிறது. 1930-லிருந்து இயங்கும் எம்.ஜி கார் கிளப்பும், 1973-ல் தொடங்கிய எம்.ஜி ஓனர்ஸ் கிளப்பும் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டே இருக்கின்றன. பைசெஸ்டர் நகரில் ஹெரிட்டேஜ் ஸ்கில்ஸ் அகாடமி பழைய வாகனப் பராமரிப்பை இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சியாகவே கற்றுத்தருகிறது.

நமக்கு இதில் பாடம் இருக்கிறது. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசடரும் எம்.ஜி.பி-யைப் போலவே திறந்து பார்க்க முடிந்த வண்டிகள். அவற்றை ஓட வைக்கும் கைகள் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்குத் தெரிந்ததை யாரும் ஹேன்ஸைப் போல உட்கார்ந்து எழுதவில்லை. வயதான மெக்கானிக் ஒருவர் பட்டறையை மூடும்போது அவர் அறிவும் அவரோடு போய்விடுகிறது. அதைப் படமெடுத்து, எழுதி, தமிழில் பதிவுசெய்வது இன்றே தொடங்க வேண்டிய வேலை. தொழிற்பயிற்சி நிலையங்கள் நினைத்தால் செய்துவிடலாம்.

2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வாகனம், விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள் ஆகிய நான்கு துறைகளும் அதில் வருகின்றன. நல்ல தொடக்கம். அது சட்டமாகவும் பழக்கமாகவும் மாற, வாங்குபவர்களான நாமும் கேட்கத் தொடங்க வேண்டும். அடுத்த முறை டிராக்டரோ ஸ்கூட்டரோ வாஷிங் மெஷினோ வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதைத் திறக்க முடியுமா? திறப்பது எப்படி என்று எழுதித் தருவீர்களா? பத்து ஆண்டு கழித்தும் பாகம் கிடைக்குமா? அபிங்டனில் பிறந்த ஒரு சின்னக் கார் தன் ஆலையைவிட நீண்ட நாள் வாழ்வதற்கு இந்த மூன்று கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்ற பதில் கிடைத்ததே காரணம். நாம் வாங்கும் பொருள்களுக்கும் அந்தப் பதிலைக் கேட்டு வாங்குவோம்.